குருதிச் சோதனையும் நீதியும்: சேம்பர்லின் வழக்கு தரும் வரலாற்றுப் பாடம்

குற்றப் புலனாய்வில் உடல்நீர்களை இனங்காணும் சோதனைகள் ஊகச் சோதனை, உறுதிச் சோதனை என இருவகைப்படும். 1863இல் ஷோன்பைன், குருதியோடு சேரும் ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைச் சுட்டினார். 1901இல் உலென்ஹூத், மனிதக் குருதியை விலங்கின் குருதியினின்று பிரித்தறியும் வீழ்படிவுச் சோதனையை வகுத்தார். முன்னது 'குருதியாக இருக்கலாம்' என்பதோடு நிற்பது. பின்னது எவ்வுயிரின் குருதி எனக் காட்டுவது. இவ்வேறுபாடு மங்கினால் நேரும் கேட்டுக்கு ஆஸ்திரேலிய வரலாறு சான்றாகிறது.

1980 ஆகஸ்டு 17 அன்று, உலுரு பாறையருகே ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமற்போனாள். டிங்கோ எனும் காட்டுநாய் தூக்கிச் சென்றதெனத் தாய் லிண்டி சேம்பர்லின் கூறினார். பின்னர் சிட்னி அரசு ஆய்வகம், குடும்பத்தின் காரில் கருக்கால ஹீமோகுளோபின் இருப்பதாக அறிவித்தது. அது கைக்குழந்தையின் குருதிக்கே அடையாளமெனக் கொள்ளப்பட்டது. 1982 அக்டோபர் 29 அன்று டார்வின் நீதிமன்றத்தில் தாய் ஆயுள் தண்டனை பெற்றார். 1984இல் உயர் நீதிமன்றத்தில் ஐவருள் மூவர் மேல்முறையீட்டை ஏற்கவில்லை.

1986 பிப்ரவரியில், குழந்தையின் மேற்சட்டை உலுரு அருகே கிடைத்தது, தாய் விடுதலையானார். தொடர்ந்து விசாரித்த நீதியரசர் மார்லிங்கின் ஆணையம் சோதனைகளை மறுஆய்வு செய்தது. முன்பலகையின் அடியில் குருதித் தெறிப்பு எனப்பட்டது, கார் தயாரிப்பில் தெளிக்கப்படும் ஒலித்தடுப்புப் பூச்சு. குடும்பம் வாழ்ந்த மவுண்ட் ஐசா செப்புச் சுரங்க நகர்; ஊகச் சோதனையின் ஆர்த்தோ-டாலிடின், செப்புத் தூசியோடும் நிறம் மாறக்கூடியது. எதிர்ச்சீரம் கருக்கால ஹீமோகுளோபினை மட்டுமே காட்டுமென்பதும் நிறுவப்படவில்லை. சோதனைத் தகடுகளோ வழக்காடு காலத்துக்கு முன்பே அழிக்கப்பட்டிருந்தன. எதிர்த்தரப்பு வல்லுநர் அவற்றைக் காண இயலவில்லை. 1988 செப்டம்பர் 15 அன்று தீர்ப்பு நீக்கப்பட்டது. 2012இல் மரண விசாரணை அதிகாரி, டிங்கோவே காரணமென உறுதிசெய்தார்.

டி.என்.ஏ. காலத்திலும் இவ்விடர் நீங்கவில்லை. மெல்பர்னில் 2008இல் தண்டிக்கப்பட்ட ஓர் இளைஞர், மாதிரி மாசுபட்டிருக்கலாமென்பது வெளிப்பட்டபின் 2009இல் விடுவிக்கப்பட்டார். கருவி கூர்மையாயினும், மாதிரியைக் கையாளும் ஒழுங்கு தளர்ந்தால் முடிவு பிழைபடும்.

1849இலேயே இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் கண்டது சென்னை. அங்கு இத்துறை தமிழில் வளர்க்கப்படும் இந்நாளில், கலைச்சொல்லும் நீதிக்குரிய பொருளே. 'குருதிக்கான ஊகச் சோதனையில் நிறமாற்றம் காணப்பட்டது' என்பதும், 'குருதி காணப்பட்டது' என்பதும் ஒன்றல்ல. முதற்றொடர் மேலும் ஆராயுமாறு கேட்கிறது. இரண்டாவது ஆராய்வை முடித்துவிடுகிறது. அறிக்கை அவ்விரண்டையும் பிரித்தெழுதவும், எஞ்சிய மாதிரி மறுசோதனைக்கெனப் பேணப்படவும் வேண்டும் என்பதே இவ்வழக்கு விட்டுச்சென்ற விதி.