பிளாஸ்டிக் சாலைக்கு டெண்டரில் இடம் கிடைத்த கதை

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் 2001 வாக்கில் கையில் எடுத்த பிரச்சினை குப்பை. பாலித்தீன் பை, தார் இரண்டுமே பெட்ரோலியத்தின் பிள்ளைகள். ஒன்றோடொன்று ஒட்டும் என்று அவருக்குப் பட்டது. பிளாஸ்டிக்கை நேரே தாரில் கலந்தால் அது சரியாகச் சேராமல் பிரிந்து நிற்கும். அவர் வரிசையை மாற்றினார். ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினார். சில நொடிகளில் அது உருகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய படலமாகப் போர்த்தியது. அதன் பிறகுதான் தார்.

படலம் போர்த்திய கல்லைத் தார் இறுகப் பிடிக்கிறது, மழைத்தண்ணீர் இடையில் நுழைய வழியில்லை. நம் ஊர்ச் சாலைகளில் பள்ளம் விழத் தொடங்குவது பெரும்பாலும் அந்த நுழைவில்தான். பி.வி.சி.யை மட்டும் சேர்க்கக் கூடாது. சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும்.

ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் தார் பிடிக்கும். இந்த முறையில் அதில் ஏறத்தாழ 1 டன்னுக்குப் பதிலாக பிளாஸ்டிக் போகிறது. அதே 1 டன் பாலித்தீனைத் தெருவோரம் கொளுத்தினால் 3 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். என் கணக்கில் இவற்றைவிடப் பெரிய ஆதாயம் சாலையின் ஆயுள். ஒருமுறை மறுபடி தார் போடுவது தள்ளிப்போனால், ஹாட்மிக்ஸ் பிளான்ட்டில் ஜல்லியைச் சூடேற்ற எரியும் எண்ணெய், லாரிகள் குடிக்கும் டீசல், புதிய தார் எல்லாமே தள்ளிப்போகின்றன.

இவ்வளவு தெளிவான பலன் இருந்தும் நாட்டில் சாலை தானாக மாறிவிடவில்லை. சாலையை வாங்குவது அரசு. எஸ்டிமேட்டில் இல்லாத பொருளைப் பொறியாளர் போட்டால் தணிக்கையில் கேள்வி வரும். டெண்டரில் கேட்காததைக் கான்ட்ராக்டர் செய்தால், குறைந்த விலை சொன்ன அடுத்தவரிடம் வேலை போய்விடும். யாரையும் குறை சொல்ல முடியாது, காகிதத்தில் இடம் வேண்டும்.

அந்த இடத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவை சில சின்னத் தெருக்கள். சென்னை ஜம்புலிங்கம் தெருவில் 2002-லும், ஈரோடு வீரபத்ர வீதியில் 2003-லும், மதுரை வண்டியூர் சாலையில் 2004-லும் பிளாஸ்டிக் கலந்த தார் போடப்பட்டது. கிராமச் சாலைகளுக்கும் தமிழ்நாடு அரசு இதைக் கொண்டுபோனது. பிறகு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தத் தெருக்களை அளந்து பார்த்தது. பல மழைக்காலம் கண்ட பிறகும் அவை பெரிய பள்ளமோ விரிசலோ இல்லாமல் இருந்தன. 2013-இல், சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியன் ரோடு காங்கிரஸ், தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்று வழிகாட்டி நூல் வெளியிட்டது. சாலைப் பொறியாளருக்கு அதுதான் வேதம். 2015 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 5 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் தார்ச்சாலையில் கழிவு பிளாஸ்டிக்கைக் கட்டாயமாக்கியது. வாசுதேவனுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்த 5 லட்சம் என்ற கோடு எனக்கு உறுத்துகிறது. சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் தாண்டித் திருப்பதி போகும் நெடுஞ்சாலையில் வடமாலபேட்டை இருக்கிறது. பக்கத்துப் பெரிய நகரம் திருப்பதி. 2011 கணக்கெடுப்பில் அதன் நகர்ப்பகுதி 5 லட்சத்தை எட்டவில்லை. அந்த அளவுகோலின்படி வடமாலபேட்டை கட்டாயத்துக்கு வெளியே நிற்கிறது. நாள்தோறும் மலையேற வந்துபோகும் பல்லாயிரம் பேர் எந்த மக்கள்தொகைக் கணக்கிலும் சேர மாட்டார்கள், அவர்கள் வழியெங்கும் விட்டுப்போகும் பைகளும் சேராது. குப்பையின் அளவை வைத்துக் கோடு போட்டிருந்தால் அந்தக் கட்டாயம் இந்தச் சாலைக்குத்தான் முதலில் வந்திருக்கும்.

நெதர்லாந்து வேறு வழியில் போனது. அங்கே ரயில் பாதைகளைப் பராமரிக்கும் புரோரெயில் நிறுவனம் 2009-இல் கான்ட்ராக்டர்களுக்கு ஐந்து படிகள் கொண்ட கார்பன் ஏணி ஒன்றை வைத்தது. உமிழ்வை அளந்து, குறைத்து, மேல்படி ஏறியவரின் விலையை ஒப்பிடும்போது கொஞ்சம் குறைத்துக் கணக்கிடுவார்கள். வேலை கிடைத்தால் அவர் கேட்ட முழுத் தொகையே அவருக்குக் கிடைக்கும். இன்ன பொருளைப் போடு என்று சொல்லாமல், புகையைக் குறைத்தவருக்கு வேலை என்று சொல்லும் முறை இது. பின்னர் அங்கே சாலை டெண்டர்களிலும் இது நுழைந்தது.

அதுபோல, வடமாலபேட்டை வழியே போகும் புத்தூர்–ரேணிகுண்டா சாலைக்கு அடுத்த முறை தார் போட டெண்டர் விடும்போது மூன்று எண்களைக் கேட்கலாம்: ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை டன் உமிழ்வு, எத்தனை ஆண்டு உத்தரவாதம், எவ்வளவு கழிவு பிளாஸ்டிக். தேயும் சாலையிலிருந்து நுண்பிளாஸ்டிக் வெளியேறுமா என்ற கேள்வியும் நியாயமானது. அதை ஆண்டுதோறும் அளக்க அதே எஸ்டிமேட்டில் ஒரு தொகை ஒதுக்க வேண்டும்.