குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும்

குடும்பப் பெயரின் வேரை டி.என்.ஏ. சோதனையால் தேடும் முயற்சிக்கு அடிப்படை ஐரோப்பியப் பெயரிடும் வழக்கம். 1066ஆம் ஆண்டின் நார்மானியப் படையெடுப்பை அடுத்த நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் ஊர், தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர் ஆகியவற்றிலிருந்து குடும்பப் பெயர்கள் நிலைபெற்று, தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கின. ஒய் குரோமோசோமும் பெரிய மாற்றமின்றி அதே வழியில் இறங்குகிறது. ஆகவே ஒரே பெயருடைய ஆண்கள் ஒரே மூதாதை வழியினரா என்று சோதித்தறிய முடிகிறது. தந்தை பெயரின் முதலெழுத்து தலைமுறைதோறும் மாறும் தமிழர் வழக்கில் இப்படி ஒப்பிடப் பெயரே கிடைக்காது. பெயர் உள்ள இடத்திலும் சோதனை சொல்வது உறவு உண்டா இல்லையா என்பதை மட்டுமே. அந்தப் பெயர் எங்கே, ஏன் பிறந்தது என்பதை ஆவணங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் 2000இல் தம் குடும்பப் பெயரையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். சோதிக்கப்பட்ட 48 சைக்ஸ்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே ஒய் குரோமோசோம் வகை இருந்தது. பலரிடம் தனித்தனியே தோன்றியிருக்கக்கூடியதாகக் கருதப்பட்ட பெயருக்கு ஒரே மூதாதை இருந்திருக்கலாம் என்று அவர் முடிவுகட்டினார். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 2009இல் 40 பெயர்களை ஆராய்ந்தபோது படம் இன்னும் தெளிவானது. அட்டன்பரோ போன்ற அரிய பெயருடையோரில் மிகப் பெரும்பாலோர் ஒரே வகையினர். கொல்லரைக் குறிக்கும் ஸ்மித் என்ற பெயரில் அத்தகைய திரட்சி எதுவும் இல்லை. ஊருக்கு ஊர் கொல்லர் இருந்த நாட்டில் இது இயல்பே. ஆனால் திரட்சி தெரிந்தாலும் மூதாதை ஒருவரே என்று அடித்துச் சொல்ல முடியாது. பலர் ஒரே பெயரைச் சூடியிருந்து, ஆண் வாரிசின்றி மற்ற வழிகள் அற்றுப்போய், ஒன்று மட்டும் பெருகியிருந்தாலும் இதே முடிவுதான் கிடைக்கும்.

ஒரே பெயருடையோரின் ஒய் குரோமோசோம் பொருந்தாவிட்டால், அதை மனைவியின் துரோகம் என்று படிப்பவர்கள் உண்டு. இது அவசரத் தீர்ப்பு மட்டுமல்ல, இறந்தவர்களுக்கு இழைக்கும் அநீதியும்கூட. தத்துப் பிள்ளை, மாற்றாந்தந்தையின் பெயரை ஏற்ற மகன், தாயின் பெயரோடு வளர்ந்தவர், மனைவி வீட்டுச் சொத்துக்காகப் பெயர் மாற்றியவர் என நேர்மையான காரணங்கள் பல. தலைமுறைக்கு நூற்றில் ஒன்று என்ற சிறிய அளவிலேயே பெயரும் குருதியும் பிரிந்தாலும், இருபது தலைமுறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வழி அறுந்திருக்கும். லெஸ்டரில் 2012இல் தோண்டியெடுக்கப்பட்ட இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் இதற்குச் சான்று. தாய்வழி மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அவர் சகோதரியின் வழியினரோடு பொருந்தியது. தந்தைவழி உறவினராகக் குடிவழிப் பட்டியல் காட்டிய ஐந்து ஆண்களோடு ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. அந்த ஐவரிலேயே ஒருவர் மற்ற நால்வரோடு ஒத்துப்போகவில்லை. கண்ணி எங்கே அறுந்தது என்பதைச் சோதனை காட்டவில்லை.

அப்படியானால் சோதனையால் பயன் என்ன என்று கேட்கலாம். ஆண்வழி உறவு இல்லை என்பதை அது உறுதியாகச் சொல்லும். ஆவணங்கள் எழுப்பும் ஐயத்தைச் சோதித்துப் பார்க்கவும் உதவும். ஆனால் பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்குள்ள 1,024 மூதாதையர் இடங்களில் குடும்பப் பெயர் வருவது ஒன்றின் வழியாக மட்டுமே. அந்த ஒன்றை முழு வம்சமாகக் கொள்வது மற்ற 1,023 பேரை அழிப்பதாகும்.

ஆவணமும் சோதனையும் கைகோத்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் தந்தையுடன் பிறந்தவரான ஃபீல்ட் ஜெஃபர்சனின் வழியினரும், அதிபரின் அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸின் மகன் எஸ்டனின் வழியினர் ஒருவரும் ஒரே ஒய் குரோமோசோம் வகையைக் கொண்டிருப்பது 1998இல் வெளியானது. அந்த வகை ஜெஃபர்சன் குடும்பத்து ஆண்கள் பலருக்கும் பொது. சாலி கருவுற்ற காலங்களில் தாமஸ் தம் பண்ணையான மாண்டிசெல்லோவில் இருந்ததைக் காட்டும் பதிவுகளும் சேர்ந்த பிறகே, அவரே எஸ்டனின் தந்தை என்ற முடிவு வலுப்பெற்றது. எஸ்டனோ, 1852இல் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்தபோதே ஜெஃபர்சன் என்ற பெயரைத் தாமாகவே சூடிக்கொண்டிருந்தார்.