பழம் காத்த அறைகள்

மரத்தைவிட்டுப் பிரிந்த பிறகும் பழம் உயிரோடுதான் இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து, தனக்குள் சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழித்து, கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. இந்த மூச்சு வேகமாக நடந்தால் பழம் சீக்கிரம் கனிந்து குழைந்துவிடும். மெதுவாக நடந்தால் நாள் தாங்கும். வற்றல், ஊறுகாய், ஜாம் ஆகியவை பழத்தின் இந்த உயிரை அடக்கிவிட்டுக் காப்பவை. உயிரோடு வைத்துக் காப்பது வேறு வித்தை. அந்த வித்தைக்கென்று வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கும் வழக்கம் ஐரோப்பாவில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் இருந்தது.

அதற்குக் காரணம் குளிர்காலம். ஆப்பிளும் பேரியும் திராட்சையும் இலையுதிர் காலத்தில் ஒரே வீச்சில் அறுவடைக்கு வந்துவிடும். அதன் பிறகு அடுத்த கோடை தொடங்கும்வரை மரங்களில் பழமே இராது. அக்டோபரில் பறித்ததை ஏப்ரல், மே வரை இழுத்துப்பிடிக்கத் தெரிந்த வீட்டில்தான் குளிர்காலத்தில் பழம் இருந்தது.

இதைப் பற்றி விரிவாகக் கிடைக்கும் பழைய எழுத்துகள் ரோமானியர்களுடையவை. கி.மு. 37-ல், எண்பது வயதை எட்டிய நிலையில், மார்க்கஸ் தெரென்டியஸ் வார்ரோ எழுதிய வேளாண்மை நூலில் பழ அறைக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அறை உலர்ந்ததாகவும் குளிர்ந்ததாகவும் இருக்க வேண்டும். ஜன்னல்கள் வடக்கு நோக்கிக் காற்றோட்டமாக இருக்க வேண்டும். ஆனால் ஓயாத காற்றில் பழம் சுண்டிவிடும் என்பதால் அவற்றுக்குக் கதவு வேண்டும் என்கிறார் அவர். தரை, சுவர், கூரை மூன்றுக்கும் பளிங்குத் தூள் கலந்த சாந்து பூசினால் குளிர்ச்சி கூடும் என்பது அவர் கண்ட இன்னொரு வழி. ஆப்பிள்களை வைக்கோல் மேல் பரப்பி வைத்தார்கள். அப்படிப்பட்ட அறைகள் அழகாகவும் இருந்ததால் சில செல்வந்தர்கள் அங்கேயே இருக்கை போட்டு விருந்து உண்டார்கள். தன் தோட்டத்தில் விளையாத பழத்தை ரோம் நகரில் விலைக்கு வாங்கி வந்து, விருந்தினர் கண்ணுக்காகப் பழ அறையில் அடுக்கி வைத்தவர்களை வார்ரோ கண்டிக்கவும் செய்கிறார். பழம் காக்கும் திறமை அன்று ஒரு குடும்பத்தின் பெருமையாகவும் இருந்தது என்பதற்கு அந்தக் கண்டனமே சான்று.

அடுத்த நூற்றாண்டில் மூத்த பிளினி இந்த விதிகளோடு மேலும் சிலவற்றைச் சேர்த்தார். காற்றில் உதிர்ந்த பழத்தைப் பறித்த பழத்தோடு கலக்கக் கூடாது. வரிசைகளுக்கு இடையே எல்லாப் பழத்துக்கும் காற்று சமமாகப் படும்படி இடைவெளி விட வேண்டும். தெற்கிலிருந்து வரும் வெப்பக் காற்று உள்ளே நுழையக் கூடாது. அவர் காலத்தவரான கொலுமெல்லா பழங்களைப் பெட்டிகளில் மரத்தூளோடு அடுக்கச் சொன்னார். பல வகைப் பழங்களை ஒரே பெட்டியில் அடைத்தால் அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் விரைவில் கெட்டுவிடும் என்ற அவருடைய எச்சரிக்கைதான் இந்த நூல்கள் அனைத்திலும் மிக நுட்பமானது. அதன் காரணம் தெரிய மனிதர்கள் இன்னும் 1,800 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனைக்குப் பழ, காய்கறித் தோட்டம் அமைத்தவர் ஜான் பாப்டிஸ்ட் தெ லா கென்டினி. அவர் இறந்த பிறகு 1690-ல் வெளியான அவருடைய நூல் பழ அறையைப் பற்றியும் பேசுகிறது. வார்ரோ வடக்கு வேண்டும் என்றார். லா கென்டினியோ வடக்கு ஆகவே ஆகாது, தெற்கோ கிழக்கோ பார்த்திருக்க வேண்டும் என்றார். முதல் பார்வைக்கு இது முரண்பாடாகத் தோன்றும். இத்தாலியில் பழத்தின் எதிரி வெப்பம். பாரிஸ் பக்கத்திலோ உறைபனி. ஒரு முறை உறைந்துபோன ஆப்பிள், பனி விலகியதும் பழுப்பாகிக் கூழாகிவிடும். ஆகவே தடித்த சுவர், இரட்டைக் கதவு, இரட்டை ஜன்னல் எல்லாம் அங்கே குளிரைத் தடுக்க எழுந்தன. எலிகளுக்காகப் பொறி வைக்கவும், பூனைகள் வந்துபோக வழி விடவும்கூட அவர் மறக்கவில்லை. இரு நூல்களும் சொல்வது ஒன்றைத்தான்: உறையவும் கூடாது, சூடேறவும் கூடாது, வெப்பம் ஏறி இறங்கவும் கூடாது.

சாதாரணக் குடியானவர் வீட்டில் தனி அறை கட்ட வசதி இருக்காது. இங்கிலாந்தில் குதிரை லாயத்தின் மேல்தளமோ வீட்டின் பரணோ அதற்குப் பயன்பட்டது. வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வீட்டுக்கு அடியிலிருந்த நிலவறை. பழத்தைக் காம்போடு, கையால் தாங்கித் திருகிப் பறிப்பார்கள். காம்பு பிய்ந்தால் அந்த இடமே பூசணத்துக்கு வாசல். பறித்ததை உடனே அடுக்காமல் சில நாள் விட்டு, ஈரம் ஆறிய பிறகே தட்டுகளில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புவார்கள். சிலர் ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றினார்கள். நெடி வீசும் எதையும் அருகில் வைக்க மாட்டார்கள். வெங்காயத்தின் மணத்தையும் புழுங்கிய வைக்கோலின் நாற்றத்தையும் ஆப்பிள் ஏற்றுக்கொள்ளும். அதன் பிறகு ஒழியாத வேலை ஒன்று உண்டு. வாரந்தோறும் விளக்கோடு போய், ஒவ்வொரு பழமாகப் பார்த்து, சொத்தை விழுந்ததை அன்றைய சமையலுக்கு எடுத்துவிட வேண்டும். இந்த வேலையில் சோம்பல் வந்தால் வேறெந்த ஏற்பாடும் பயன்படாது.

எந்த மரத்தை நடுவது என்பதையும் இந்த அறைகளே தீர்மானித்தன. சீக்கிரம் கனியும் கோடை ஆப்பிள் நெடுநாள் தாங்காது. தோல் சொரசொரப்பாக, பறிக்கும்போது கல் போலக் கெட்டியாக, வாயில் வைத்தால் புளிக்கிற வகைகள்தான் நீடித்தன. மாசசூசெட்ஸின் ராக்ஸ்பரி ஊரில் தோன்றிய ராக்ஸ்பரி ரஸ்ஸெட் அப்படி ஒன்று. நிலவறையில் கிடக்கக் கிடக்க அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிப் புளிப்பு தணியும். அறுவடையின்போது யாரும் விரும்பாத பழம் பிப்ரவரியில் வீட்டின் சிறந்த பழமாகிவிடும். கடைகளில் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கத் தொடங்கிய பிறகு இந்த வகைகளில் பல தோட்டங்களிலிருந்தே மறைந்துபோயின. அந்த இழப்பு பெரிது.

ஆப்பிளுக்குத் தடித்த தோல் உண்டு, திராட்சைக்கு இல்லை. திராட்சையைப் புத்தம் புதிதாக வைத்திருந்த ஊர், பிரான்சில் ஃபோன்டன்ப்ளோ அருகே உள்ள தோமெரி. ஷாஸ்லா என்ற வெள்ளைத் திராட்சையை நெடிய மதில்களில் படரவிட்டு வளர்ப்பதில் அந்த ஊர் பதினெட்டாம் நூற்றாண்டு முதலே பெயர் பெற்றது. 1848 வாக்கில் அங்கே ஒரு புது முறை கண்டறியப்பட்டது. திராட்சைக் குலையை மட்டும் வெட்டாமல், அது தொங்கும் கொடித் துண்டையும் சேர்த்து வெட்டினார்கள். அந்தத் துண்டின் அடி நுனியை, நீர் நிரப்பிய ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் செருகினார்கள். நீர் கெடாமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை கரித்தூள். குப்பிகளை மரச் சட்டங்களில் வரிசை வரிசையாகச் சாய்த்து மாட்ட, குலைகள் காற்றில் தொங்கின. கொடித் துண்டு நீரை உறிஞ்சிப் பழத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்ததால் காம்பு பச்சை மாறாமல் இருந்தது.

இந்தக் குப்பிகளை வைத்த அறைகள் பெரும்பாலும் குடியிருந்த வீட்டின் மாடியில்தான் இருந்தன. இருட்டு, ஆட்டமில்லாத குளிர்ச்சி, அளவான ஈரம் மூன்றும் அங்கே காக்கப்பட்டன. ஒரு வீட்டில் ஆயிரக்கணக்கான குப்பிகள் இருக்கும். நுனி கூர்மையான சிறு கத்தரிக்கோலோடு, கெட்ட மணியை மட்டும், பக்கத்து மணிமேல் கை படாமல் வெட்டி எடுப்பது நாள்தோறும் நடந்த வேலை. தோலின் மேல் உள்ள சாம்பல் பூத்த மெழுகு அழிந்தால் பழத்தின் விலையும் போயிற்று. இந்தப் பொறுமைக்குப் பலனாக, செப்டம்பர், அக்டோபரில் அறுத்த குலை அடுத்த வசந்தத்தில் பாரிஸ் சந்தைக்குப் போய் உயர்ந்த விலைக்கு விற்றது. இருபதாம் நூற்றாண்டில் தென்பகுதிகளிலிருந்து ரயிலில் வந்த திராட்சையும் குளிர்பதனக் கிடங்குகளும் போட்டிக்கு வந்ததும் இத்தொழில் தேய்ந்து ஓய்ந்தது.

இதே திராட்சையை, நீரும் குப்பியும் இல்லாமல் வெறும் மண்ணால் காக்கிறார்கள் ஆப்கானிஸ்தான் கிராமத்தினர். அவர்களுடைய பாண்டத்துக்குக் கங்கினா என்று பெயர். களிமண்ணையும் நறுக்கிய வைக்கோலையும் பிசைந்து, ஆழமற்ற கிண்ணம் போல இரண்டு பாதிகள் செய்து வெயிலில் காய வைப்பார்கள். ஒரு பாதியில் ஒன்றிரண்டு கிலோ திராட்சையை வைத்து, மற்றதைக் கவிழ்த்து, விளிம்பை ஈர மண்ணால் பூசி அடைப்பார்கள். பிறகு அதை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் போதும். ஆறு மாதம் வரை தாங்கி, மார்ச்சில் வரும் நவ்ரோஸ் புத்தாண்டுக்குப் பழம் புதிதாகக் கிடைக்கும். மூடிய மண்சுவருக்குள் திராட்சை மூச்சுவிட விட ஆக்சிஜன் குறைகிறது, கரியமில வாயு கூடுகிறது. பழத்தின் மூச்சு தானாகவே தளர்கிறது. தடித்த தோலுள்ள, பருவத்தின் கடைசியில் பறித்த வகைகளுக்கே இது ஒத்துவரும்.

இந்தியாவின் கடற்கரை நகரங்களில் இயற்கையான குளிர் கிடையாது. அதனால் குளிரே கப்பலேறி வந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடரின் பனிக்கட்டி 1833-ல் கல்கத்தாவை அடைந்தது. சென்னையில் அவருக்காக 1842-ல் எழுந்த கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம். அந்தக் கப்பல்களில் பனிக்கட்டியோடு அமெரிக்க பால்ட்வின் ஆப்பிள்களும் பீப்பாய்களில் வந்தன. நான்கு மாதப் பயணத்தில் வெப்பக் கடல்களைத் தாண்டி அவை நல்ல நிலையில் இறங்கியது, நிலவறையின் வேலையைப் பனிக்கட்டி செய்யும் என்பதற்கான செயல்விளக்கம்.

இந்த முறைகளெல்லாம் ஏன் பழத்தைக் காக்கின்றன என்ற கேள்விக்கு விடை மெல்லத்தான் வந்தது. ஆக்சிஜன் இல்லாமல் பழம் கனியாது என்பதை 1821-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஜாக் எத்தியன் பெரார் காட்டினார். எரிவாயு விளக்கிலிருந்து கசிந்து செடிகளின் வளர்ச்சியைக் குலைத்தது எத்திலீன் என்ற வாயு என்று 1901-ல் ரஷ்யாவின் திமித்ரி நெல்யுபோவ் கண்டறிந்தார். ஆரஞ்சோடு ஏற்றினால் வாழைப்பழம் முன்னதாகப் பழுத்துவிடுகிறது என்று ஜமைக்காவிலிருந்து 1910-ல் எச்சரிக்கை வந்தது. பழுக்கும் ஆப்பிளே எத்திலீனை வெளியிடுகிறது என்பதை 1934-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் நிறுவினார். கொலுமெல்லா சொன்ன ஒத்துப்போகாமையின் காரணம் அப்போதுதான் துலங்கிற்று. பழுத்த பழமும் அடிபட்ட பழமும் விடும் எத்திலீன், பக்கத்திலுள்ள காயையும் பழுக்கத் தூண்டுகிறது. இடைவெளி விடுவதும், சொத்தையை உடனே அகற்றுவதும், உதிர்ந்ததைச் சேர்க்காததும் இதையெல்லாம் அறியாமலேயே எத்திலீனைக் கட்டுப்படுத்திய வழிகள்.

கேம்பிரிட்ஜில் ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் இருவரும் 1920-களில் ஆப்பிளின் மூச்சை அளந்தார்கள். பழுக்கும் தருணத்தில் அது திடீரென்று உயர்ந்து பின் தாழ்வதையும், காற்றில் ஆக்சிஜனைக் குறைத்துக் கரியமில வாயுவைக் கூட்டினால் அந்த உயர்வு தள்ளிப்போவதையும் கண்டார்கள். இதை அடியொற்றி 1929-ல் கென்ட் மாவட்டத்தில் வணிக அளவில் முதல் வாயுக் கிடங்கு கட்டப்பட்டது. கங்கினாவில் நடப்பதே இங்கும் நடந்தது. இங்கே அதைக் கருவிகொண்டு அளந்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

வீட்டுக்குள் பழ அறையின் இடத்தைப் பிடித்தது ஃபிரிட்ஜ். 1927-ல் ஜெனரல் எலக்ட்ரிக் வெளியிட்ட மாடல் அமெரிக்க வீடுகளில் பரவியது. ஈரம் காக்கும் இழுப்பறை வெகுவிரைவில் அதன் அங்கமாயிற்று. இந்தியாவில் கோத்ரெஜ் 1958-ல் ஃபிரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் அந்தப் பெட்டி குளிர்நாட்டுப் பழங்களை மனத்தில் வைத்து உருவானது. ஆப்பிளுக்கு உகந்த 0 முதல் 4 டிகிரி செல்சியஸ், வெப்பநாட்டுப் பழத்துக்குக் காயம். சுமார் 13 டிகிரிக்குக் கீழே வாழைக்காய் பழுக்கும் திறனை இழக்கிறது, தோல் கறுக்கிறது. மாங்காயும் அப்படியே. வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள் என்று வானொலியில் பாட்டுப் பாடிச் சொல்ல ஒரு அமெரிக்கப் பழ நிறுவனம் 1944-ல் முற்பட்டதன் பின்னணி இது.

தமிழ்நாட்டு வீடுகளில் பழ அறை என்று ஒன்று உருவாகாததற்கும் இதுவே காரணம். மா, வாழை, பலா மூன்றையும் குளிரில் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க முடியாது; அந்தக் குளிரும் இங்கே இல்லை. வாழை ஆண்டு முழுவதும் காய்ப்பதால் அதற்குத் தேவையும் இல்லை. ஆகவே கவனமெல்லாம் பழுப்பதைத் திட்டமிடுவதில் போயிற்று. முற்றிய காயாக வெட்டிய வாழைத்தாரை நிழலில் கயிற்றில் தொங்கவிட்டால் அடிபடாமல் சீப்பு சீப்பாகப் பழுக்கும். அவசரமென்றால் புகை மூட்டம் போடுவார்கள். புகையில் உள்ள எத்திலீன்தான் அங்கே வேலை செய்கிறது. மாங்காயை வைக்கோலிலும் நெல்லிலும் புதைப்பதும் காய் விடும் எத்திலீனை அதைச் சுற்றியே தேக்கி வைக்கும் வழி.

வெப்ப நாட்டுக்கென்றே ஒரு குளிர் அறை பின்னர் உருவானது. டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் வடிவமைத்த இதற்கு மின்சாரம் வேண்டாம். செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆற்று மணலை நிரப்பி, காலையும் மாலையும் நீர் ஊற்றுகிறார்கள். மேலே வைக்கோல் வேய்ந்த மூடி. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால், வட இந்தியக் கோடையின் வறண்ட பகலில் உள்ளே வெளியைவிட 10 டிகிரிக்கு மேல் குறைகிறது. காற்றின் ஈரமோ 90 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. மாம்பழத்துக்கும் வாழைக்கும் அது காயம் செய்யாத குளிர்ச்சி. காற்றே ஈரமாக உள்ள கடற்கரை ஊர்களில் நீர் அவ்வளவு ஆவியாகாது. அங்கே இதன் பலன் குறைவு.