பெருமாளோடு வந்த பந்து

ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதருக்கும் கோல்ஃப் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக ஒன்றுமில்லை. ஆனால் எங்கோ கிழக்கிலிருந்து கப்பலேறிப் போன ஒரு விஷ்ணு சிலைக்குச் சம்பந்தம் உண்டு என்று ஸ்காட்லாந்தில் ஒரு கதை உலவுகிறது.

அந்தக் கதைக்கு முன்னால் கொஞ்சம் கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கோல்ஃப் பந்து என்றால் இறகுப் பந்துதான். ஒரு தொப்பி நிறைய வாத்து இறகை வேகவைத்து, ஈரத் தோல் உறைக்குள் திணித்துத் தைப்பார்கள். காயும்போது தோல் சுருங்கும், இறகு விரியும், பந்து கல்லாகிவிடும். தேர்ந்த கைகாரராலும் ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் செய்வது கஷ்டம். அதனால் ஒரு பந்து சுமார் 2 முதல் 5 ஷில்லிங். மழையில் நனைந்தாலோ, அடி தப்பாகப் பட்டாலோ கிழிந்துவிடும். ஒரு ஆட்டத்தில் மூன்று நான்கு பந்து போனால் கூலிக்காரன் எப்படி விளையாடுவான்? 1829ல் கல்கத்தாவில் கோல்ஃப் கிளப் ஆரம்பித்த வெள்ளைக்காரர்களுக்கும் இதே பந்துதான். அவர்களுக்கென்ன, கம்பெனிச் சம்பளம்!

இப்போது சிலைக்கு வருவோம். 1840களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பேட்டர்சன் என்ற குடும்பத்துக்கு ஒரு விஷ்ணு சிலை வந்ததாம். உடையாமலிருக்க அதைச் சுற்றி அடைத்திருந்தது கட்டாபெர்ச்சா என்ற மலாய் நாட்டு மரப்பால். (ரூட் கெனால் செய்துகொண்டவர்கள் பல்லுக்குள் இன்றும் இருப்பது இதுதான்.) வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் இறுகும். அந்த வீட்டு மாணவர் ராபர்ட் பேட்டர்சன் அதை உருட்டிப் பந்தாக்கி அடித்துப் பார்த்தாராம். சிலைக் கதை உண்மையோ பொய்யோ, 1848 வாக்கில் கட்டாபெர்ச்சாப் பந்து கடைக்கு வந்துவிட்டது உண்மை. விலை சுமார் ஒரு ஷில்லிங். நசுங்கினால் வெந்நீரில் போட்டு மறுபடி உருட்டிக்கொள்ளலாம்.

இறகுப் பந்து வியாபாரி ஆலன் ராபர்ட்சனுக்கு வயிற்றில் புளி கரைத்தது. அவரிடம் வேலை பார்த்த டாம் மாரிஸ் புதுப் பந்தில் ஆடியதைப் பார்த்துவிட்டார். சண்டை, பிரிவு. 1851ல் மாரிஸ் ப்ரெஸ்ட்விக் போய்ச் சேர்ந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, அப்போது பந்து இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதியே கிடையாது. இருந்திருந்தால் ராபர்ட்சன் போன்றவர்கள் சும்மா விட்டிருப்பார்களா? சாமானியன் அந்தச் சந்தில்தான் நுழைந்தான். வழவழப்பான புதுப் பந்தை விட அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்து நன்றாகப் பறக்கிறது என்பதும் ஆடி ஆடித்தான் தெரிந்தது. இன்றைய பந்தின் குழிகள் அதன் வாரிசுகள்.

விதி 1921ல் வந்தது. எடை 1.62 அவுன்சுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 1.62 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. பத்து வருடம் கழித்து, பந்து ரொம்ப தூரம் போகிறது என்று கவலைப்பட்ட அமெரிக்கச் சங்கம் 1931ல் விட்டத்தை 1.68 அங்குலமாகக் கூட்டி, எடையை 1.55 அவுன்சாகக் குறைத்தது. காற்றடித்தால் பந்து எங்கேயோ போயிற்று. 'பலூன் பந்து' என்று கிண்டல் செய்தார்கள். சாதாரண ஆட்டக்காரர்கள் போட்ட கூச்சலில், ஒரே வருடத்தில் பழைய எடை திரும்பி வந்தது. பெரிய விட்டம் மட்டும் தங்கிவிட்டது. பிரிட்டிஷ் விதியைப் பின்பற்றிய நாடுகளில் சின்னப் பந்து 1990 வரை தாக்குப்பிடித்தது.

2023 டிசம்பரில் மறுபடி அதே கவலை. பந்தைச் சோதிக்கும்போது மட்டையின் வேகத்தை மணிக்கு 120 மைலிலிருந்து 125 ஆக்கி, தூர வரம்பை மட்டும் அப்படியே வைப்பதாக அறிவித்தார்கள். மிக நீளமாக அடிப்பவர்களுக்கு 13 முதல் 15 கெஜம் குறையும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரருக்கு 5 கெஜமோ அதற்கும் கீழோ என்பது அவர்கள் கணக்கு. பிரச்சினை செய்தது யாரோ நூறு பேர், புதுப் பந்து வாங்கப்போவது கோடிக்கணக்கானவர்கள்! அந்த அறிவிப்புப்படி இவர்களுக்கு 2030 வரை அவகாசம். அதற்குப் பிறகும் நண்பர்களோடு பந்தயமில்லாமல் ஆடினால் பையில் மிச்சமுள்ள பழைய பந்தை யாரும் பிடுங்கப்போவதில்லை. ஹேண்டிகேப் கணக்கில் ஏற வேண்டிய ஆட்டம் என்றால்தான் கடைக்குப் போக வேண்டும்.