கன மேசான்களின் சிதைவை அளத்தல்

ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தது மேசான். அவற்றுள் சார்ம் குவார்க் கொண்ட டி மேசானும், பாட்டம் குவார்க் கொண்ட பி மேசானும் கன மேசான்கள் எனப்படும். பி மேசானின் ஆயுள் வினாடியின் லட்சம் கோடியில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு. அதை நேரில் பார்க்க வழியில்லை. அது சிதைந்து விட்டுச்செல்லும் பையான், கேயான், மியூவான்களின் தடங்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டே அதன் நிறையும் ஆயுளும் அறியப்படுகின்றன.

துகளும் எதிர்த்துகளும் முற்றிலும் ஒரே விதமாக நடப்பதில்லை என்பது 1964இல் கேயான் சிதைவில் வெளிப்பட்டது. கண்டவர்கள் குரோனினும் ஃபிச்சும். மூன்று வகைக் குவார்க்குகளே அறியப்பட்டிருந்த 1973இல், ஆறு இருந்தால் இதை விளக்கலாம் என்றனர் கோபயாஷியும் மஸ்காவாவும். துணிச்சலான கணிப்பு அது. 1977இல் ஃபெர்மி ஆய்வகத்தில் லெடர்மன் குழு பாட்டம் குவார்க்குக்குச் சான்று கண்டது. நடுநிலை பி மேசான் தன் எதிர்த்துகளாக மாறுவதை 1987இல் ஹாம்பர்க்கின் ஆர்கஸ் சோதனை காட்டியது.

1990 ஆகஸ்டில் 25ஆவது சர்வதேச உயர் ஆற்றல் இயற்பியல் மாநாடு சிங்கப்பூரில் கூடியது. பாட்டம் குவார்க் அப் குவார்க்காக மாறும் அரிய சிதைவை ஆர்கஸும் அமெரிக்காவின் கிளியோ சோதனையும் அறிவித்திருந்த வேளை. 

சம ஆற்றலுள்ள எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதினால் பி மேசான் ஏறக்குறைய அசையாமலே சிதைந்துவிடும். பயணத் தூரம் கிடைக்காது, எனவே அது சிதைய எடுத்த காலமும் கிடைக்காது. ஜப்பானின் சுக்குபாவில் இதற்கு ஒரு வழியைக் கையாண்டார்கள். எலக்ட்ரானுக்கு 8, பாசிட்ரானுக்கு 3.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் கொடுத்தபோது, மோதலில் பிறந்த மேசான்கள் ஒரு பக்கமாக ஓடின. இணையான இரு மேசான்களும் சிதையும் இடங்களுக்கு நடுவே சராசரியாக 200 மைக்ரோமீட்டர், இரண்டு மூன்று தலைமுடிகளின் தடிமன். சிலிக்கான் உணரிகள் அந்த இடைவெளியை அளந்தன. 2001இல் அங்கிருந்த பெல் சோதனையும் கலிபோர்னியாவின் பாபர் சோதனையும் பி மேசானிலும் துகளுக்கும் எதிர்த்துகளுக்கும் இடையிலான வேறுபாட்டை நிறுவ, கோபயாஷிக்கும் மஸ்காவாவுக்கும் 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

பெல் சோதனையின் வாரிசான பெல் 2இல் இந்தியாவின் பங்கு பெரிது. அதன் சிலிக்கான் உணரியின் நான்காம் அடுக்கைக் கட்டியது மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனக் குழு. சென்னை ஐஐடி அளக்க எடுத்துக்கொண்டது, துகள்-எதிர்த்துகள் வேறுபாட்டைக் குறிக்கும் ஃபை-3 என்னும் கோணத்தை. பி மேசான் டி மேசானாகவும் கேயானாகவும் சிதைய இரு வழிகள் உண்டு. அவை ஒன்றோடொன்று குறுக்கிடும் அளவிலிருந்து கோணம் பெறப்படுகிறது. கோட்பாட்டு ஐயம் மிகக் குறைந்த அளவீடு என்பதால் இதற்குத் தனி மதிப்பு. டி மேசானின் கட்ட வேறுபாடும் தெரிந்தாக வேண்டும். அதற்காகக் கிளியோ-சி சோதனையின் பழைய தரவுகளையும் சென்னைக் குழு மீண்டும் அலசியது. பெல், பெல் 2 தரவுகளை முதன்முறை இணைத்து 2021இல் வெளியான ஃபை-3 அளவீட்டில் இக்குழுவின் பங்கு முதன்மையானது. கிடைத்த மதிப்பு 78.4 பாகை, பிழை வரம்பு சுமார் 11 பாகை. ஜெனீவாவின் எல்எச்சிபி சோதனை இதைவிடத் துல்லியமாக, 4 பாகைக்கும் குறைவான பிழையோடு, இதே கோணத்தை அளந்துள்ளது.