உடுவிலுக்காகப் பேசியது யார்? புலம்பெயர்ந்தோர் முறையீட்டின் வரலாறு, 1961–2018

ஈழத்தமிழர் மீதான வன்முறையை நிறுத்த உதவுமாறு சென்னைக்கும் டில்லிக்கும் போன முறையீடுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1983 ஜூலையில் தொடங்கி 2009 மே மாதத்தில் முடிக்கிறார்கள். யாரிடம் கேட்டார்கள், என்ன கிடைத்தது என்பவை அவற்றில் விரிவாகவே உள்ளன. ஆனால் கேட்டவர் யார், எந்த உரிமையில் கேட்டார் என்பது ஆராயப்படுவதில்லை. இக்கட்டுரை அதை யாழ்ப்பாணத்தின் வலிகாமம் தெற்கிலுள்ள உடுவிலை வைத்துப் பார்க்கிறது.

உடுவிலின் வெளியுலகத் தொடர்பு பழையது. 1824இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ இங்கே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த வலிகாமத்து ஆண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கிளாக்கர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் மலாயாவுக்குப் போனார்கள். தமிழரசுக் கட்சியை நிறுவிய எஸ்.ஜே.வி. செல்வநாயகமே 1898இல் ஈப்போவில் பிறந்தவர். குடும்பத்தின் ஊர் தெல்லிப்பழை. ஆயினும் அந்தத் தலைமுறைப் புலம்பெயர்ந்தோர் ஊருக்குக் காசு அனுப்பினார்கள், காணி வாங்கினார்கள், பென்சனோடு திரும்பி வந்தார்கள். ஊரின் அரசியலை ஊரில் இருந்தவர்களே பேசினார்கள்.

1960இல் உடுவில் தனித் தேர்தல் தொகுதியாயிற்று. தமிழரசுக் கட்சியின் வி. தர்மலிங்கம் அதை வென்று 1977 வரை தொடர்ந்து வைத்திருந்தார். 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் அவரது கட்சி தொடங்கிய சத்தியாக்கிரகம் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நிருவாகத்தை முடக்கியது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் வந்தன. தலைவர்கள் பனாகொடை முகாமில் அடைக்கப்பட்டார்கள். இந்தக் கட்டத்தில் கோரிக்கை கொழும்பை நோக்கியே இருந்தது. கேட்டவர்களின் கையில் வாக்காளர் தந்த ஆணை இருந்தது.

கடலைத் தாண்டிய முதல் முக்கிய முறையீடும் ஆணை பெற்ற கட்சியுடையதுதான். 1972 பெப்ரவரியில் செல்வநாயகமும் அவரது கட்சியைச் சேர்ந்த அமிர்தலிங்கமும் தமிழகம் போய் முதலமைச்சர் கருணாநிதியையும் பெரியாரையும் சந்தித்தார்கள். தானே அடிமையாயிருக்க இன்னொரு அடிமைக்கு எப்படி உதவுவது என்ற கருத்தில் பெரியார் பதில் சொன்னார். அனுதாபத்துக்குக் குறைவில்லாத சென்னையிடம் வெளியுறவு அதிகாரம் இல்லை என்ற உண்மை அன்றே வெளிப்பட்டுவிட்டது. பிறகு வந்த முறையீடுகளில் பெரும்பாலானவை இதே சுவரில்தான் முட்டின.

1977 வன்செயல்களுக்குப் பின் லண்டனிலும் அமெரிக்காவிலும் தமிழர் அமைப்புகள் தலையெடுத்தன. இலங்கைத் தமிழ்ச் சங்கம் அமெரிக்காவில் 1977இல் உருவானது. 1978 ஒக்டோபரில் லண்டனிலிருந்து போன சட்டத்தரணி கிருஷ்ணா வைகுந்தவாசன் நியூயோர்க்கில் ஐ.நா. பொதுச்சபைக்குள் நுழைந்தார். இலங்கை வெளிநாட்டமைச்சர் ஏ.சி.எஸ். ஹமீத் பேசவேண்டிய நேரத்தில் அவருக்கு முன்பாக மேடையேறித் தமிழரின் நிலையைச் சொல்லத் தொடங்கினார். சற்று நேரத்தில் காவலர்கள் அவரை வெளியே கொண்டுபோனார்கள். எந்தத் தொகுதியும் தெரிவுசெய்து அனுப்பாத ஒருவர் உலக அரங்கில் தமிழருக்காகப் பேசினார். பேச்சு முடியாவிட்டாலும் செய்தி பரவியது. புலம்பெயர் அரசியலின் தொடக்கமாக இந்த நிகழ்வையே நான் கொள்வேன்.

1983இல் சென்னையும் டில்லியும் ஒன்றாக இயங்கின. கொழும்பில் வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருக்க, தமிழகம் கொதித்தது. எம்.ஜி.ஆர். அரசே ஓகஸ்ட் 2இல் முழு அடைப்பை நடத்தியது. கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்றப் பதவிகளைத் துறந்தார்கள். இந்திரா காந்தி நரசிம்மராவைக் கொழும்புக்கு அனுப்பினார், பின்னர் ஜி. பார்த்தசாரதி தூதராக நியமிக்கப்பட்டார். கொழும்பு அமெரிக்காவின் பக்கம் சாய்வது டில்லிக்கு உறுத்தலாக இருந்த காலம் அது. சென்னையின் குரலும் டில்லியின் நலனும் ஒரே திசையில் இருந்ததால்தான் அந்த முறையீடு எடுபட்டது என்பது என் துணிபு.

அதே ஓகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யாதவர்களின் ஆசனத்தைப் பறித்தது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் மறுத்தார்கள். ஒக்டோபருக்குள் ஆசனங்கள் போயின. 1977 முதல் உடுவில் அடங்கிய மானிப்பாய்த் தொகுதியின் உறுப்பினராயிருந்த தர்மலிங்கமும் பதவியிழந்தார். 1985 செப்டெம்பர் 2இல் அவரும் கோப்பாய் உறுப்பினராயிருந்த ஆலாலசுந்தரமும் துப்பாக்கிதாரிகளால் கடத்திக் கொல்லப்பட்டார்கள். 1983 முதல் 1989 வரை உடுவிலுக்குப் பாராளுமன்றத்தில் ஆளே இல்லை. போரின் அடித்தளம் இடப்பட்ட அந்த ஆண்டுகளில் ஊரின் சார்பில் பேசும் வேலை ஆயுத இயக்கங்களிடமும் வெளிநாட்டிலிருந்த உறவுகளிடமும் போய்ச் சேர்ந்தது. சட்டம் ஒரு கதவையும் துப்பாக்கி மறு கதவையும் மூடின.

1987 ஜூன் 3இல் நிவாரணம் ஏற்றிவந்த இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பியது. மறுநாள் ஐந்து ஏ.என்.32 விமானங்கள், மிராஜ் போர்விமானங்கள் துணைவர, யாழ்ப்பாணக் குடாநாட்டின்மேல் ஏறத்தாழ 25 தொன் உணவுப்பொருளைப் போட்டன. ஜூலை ஒப்பந்தத்தின்படி படையனுப்பிய அதே இந்தியா, நாலு மாதத்தில் யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளோடு போர் செய்தது. அதுவரை டில்லியிடம் உதவி கேட்ட புலம்பெயர்ந்தோர் டில்லியின் படைக்கு எதிராக முறையிட வேண்டியதாயிற்று. 1991இல் ராஜீவ் காந்தி புலிகளால் கொல்லப்பட்ட பின் சென்னையின் கதவும் அடைபட்டது. 1995 ஒக்டோபர் 30இல் தொடங்கிய இடப்பெயர்வில் உடுவில் உட்பட வலிகாமமே வெறிச்சோடித் தென்மராட்சிக்கு நடந்தபோது, தமிழகத்தில் 1983இன் எழுச்சியோடு ஒப்பிடத்தக்க எதுவும் எழவில்லை.

2006 ஓகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைத்த ஏ9 பாதை மூடப்பட்டது. வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது குடாநாடு இராணுவத்தின் பிடியில் இருந்தது. உடுவிலில் இருந்தவர்களால் வன்னியிலிருந்த தம் சொந்தங்களுக்காக வீதியில் நின்று குரலெழுப்ப முடியவில்லை. அதை ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்த அவர்களின் பிள்ளைகள் செய்தார்கள். 2009 ஏப்ரல் 6 முதல் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் இரவுபகலாக நின்றார்கள். மே 10இல் ரொறன்ரோவின் கார்டினர் விரைவுச்சாலையை மறித்தார்கள். பெப்ரவரி 12இல் ஜெனீவாவில் ஐ.நா. முன்றலில் முருகதாசன் தீக்குளித்தார். இரண்டு வாரம் முன்பு சென்னை சாஸ்திரி பவன் எதிரே முத்துக்குமார் அதையே செய்திருந்தார்.

தமிழகத் தலைவர்கள் அசையவில்லை என்று சொல்லமுடியாது. 2008 ஒக்டோபர் 14இல் அனைத்துக் கட்சிக் கூட்டம் இரண்டு வாரத்தில் போர்நிறுத்தம் வராவிட்டால் எம்.பி.க்கள் பதவி விலகுவார்கள் என்று தீர்மானித்தது, விலகவில்லை. 2009 ஏப்ரல் 27 காலையில் கருணாநிதி அண்ணா சமாதியில் உண்ணாவிரதம் அமர்ந்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்துவதில்லை என்று கொழும்பு அறிவிக்க, அன்றே அதை முடித்தார். எறிகணைகள் நிற்கவில்லை. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்றும், பெரும்பாலோர் அரசின் எறிகணைவீச்சில் இறந்தனர் என்றும் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. மக்களை வெளியேறவிடாமல் புலிகள் தடுத்ததையும் அதே அறிக்கை பதிவுசெய்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்த மாதங்களில் மக்களைக் காப்பாற்றும் கோரிக்கையும் இயக்கத்தைக் காப்பாற்றும் கோரிக்கையும் ஒரே பதாகையில் எழுதப்பட்டன. இந்தியாவில் 1992 முதல் புலிகள் தடைசெய்யப்பட்டிருந்ததால், கேட்க விரும்பாத டில்லிக்கு அது போதிய சாட்டாக அமைந்தது. சதுக்கத்தில் அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளை நான் குறைசொல்லவில்லை. தாயும் சகோதரமும் பதுங்குகுழிக்குள் இருக்கும்போது வாசகங்களை எடைபோட யாராலும் முடியாது. ஆனால் அவர்களை வழிநடத்திய அமைப்புகள் எடைபோட்டிருக்க வேண்டும்.

போர் முடிந்ததும், 2009 மே 27இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை இலங்கையைப் பாராட்டும் தீர்மானத்தை 29க்கு 12 என்ற கணக்கில் நிறைவேற்றியது, இந்தியாவும் ஆதரித்தது. அதன்பின் முறையீட்டின் முகவரி ஜெனீவாவாயிற்று. தமிழகத்தின் அழுத்தத்தால் 2012இலும் 2013இலும் இந்தியா இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. 2013 மார்ச் 27இல் தமிழக சட்டமன்றம், இலங்கைத் தமிழரோடு புலம்பெயர்ந்தோரும் பங்குபற்றும் பொதுவாக்கெடுப்பைக் கோரியது. அடுத்த ஆண்டே இந்தியா வாக்களிப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டது.

2013 செப்டெம்பரில் வடமாகாண சபை தெரிவானதும் ஆணை பெற்ற குரல் ஒன்று மீண்டும் மண்ணிலிருந்து எழுந்தது. 2015 பெப்ரவரி 10இல் அச்சபை இனவழிப்புத் தீர்மானத்தை நிறைவேற்றிச் சர்வதேச விசாரணை கேட்டது. அடுத்த மாதம் 14ஆம் திகதி நரேந்திர மோடி யாழ்ப்பாணம் வந்தார், அங்கு வந்த முதல் இந்தியப் பிரதமராக. இளவாலையில் வீட்டுத்திட்டத்தின் வீடுகளைக் கையளித்தார். 2018 ஒக்டோபரில் மாகாண சபையின் காலம் முடிந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் அதற்குத் தேர்தல் வைக்கப்படவில்லை. ஜெனீவாக் கூட்டத்தொடர்களுக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஆட்கள் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தார்கள்.