அங்காதிபாதமும் சுகரணமும் உற்பாலனமும்

மனித உடலைப் பற்றிய அறிவை மேனாட்டு மருத்துவர் மூன்று படிகளாக வகுத்துக் கற்பிப்பர். உறுப்புக்களின் அமைப்பு முதலாவது. அவற்றின் தொழிற்பாடு இரண்டாவது. உடல்நலம் பேணும் முறை மூன்றாவது. இவற்றுக்கு முறையே அங்காதிபாதம், சுகரணம், உற்பாலனம் என்னும் பெயர்கள் யாழ்ப்பாணத்தில் நூறாண்டுகளுக்கு முன்னரே வழங்கின. இப்பெயர்கள் தோன்றிய வரலாறும் பின்னர் மறைந்த வரலாறும் ஆராயத்தக்கன.

இம்மூன்று துறைகளும் ஒன்றையொன்று சார்ந்தன. பாதுவா நகரத்துப் பேராசிரியர் பப்ரீசியஸ் நாளங்களினுள்ளே வாயில்கள் போன்ற தடுக்கிதழ்கள் இருத்தலை 1603இல் விளக்கி எழுதினார். எனினும், அவை எப்பயன் கருதி அமைந்தன என்பதை அவர் சரிவர உணர்ந்திலர். அவருடைய மாணாக்கராகிய வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கிலேயர், இரத்தம் இதயத்தினின்று புறப்பட்டு உடலெங்குஞ் சுற்றி மீண்டும் இதயத்தையே அடைகின்றது என 1628இல் நிறுவினார். இரத்தம் பின்னோக்கிச் செல்லாது தடுப்பனவே அவ்விதழ்கள் என்பது அதனால் தெளிவாயிற்று. அமைப்பைக் கண்டவர் ஆசிரியர். தொழிலைக் கண்டவர் மாணாக்கர். உற்பாலனத்தின் சிறப்புக்கு மற்றொரு சான்று உண்டு. 1854இல் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது, அது குடிநீர் வழியாகவே பரவுகின்றதென ஜோன் சினோ என்னும் மருத்துவர் காட்டினார். கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் அந்நோய்க்குரிய கிருமியை ஆராய்ந்து வெளியிட்டது அதற்கு முப்பது ஆண்டுகளின் பின்னரே.

இவ்வறிவினைத் தமிழர்க்குத் தமிழிலேயே அளிக்க முயன்றவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த இவர், 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டில் மானிப்பாயில் தங்கி மருத்துவமும் மருத்துவக் கல்வியும் நடத்தத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த இவர், தாயகஞ் சென்று 1862இல் மீண்டபின், 1864 முதலாகத் தமிழிற் கற்பித்தார். இவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர்.

கிறீன் தமிழுக்கு மாறியதன் காரணம் கருதற்பாலது. ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டகல்வர். தமிழிற் கற்றோரோ தம் கிராமத்து மக்களிடையே தங்கித் தொழில் புரிவர் என அவர் கருதினார். அவர் கிறித்து சமயத்தைப் பரப்பவே வந்தவர் என்பதை மறைத்தற்கில்லை. ஆயினும், அவர் விட்டுச் சென்ற மருத்துவ நூல்கள் சமய வேறுபாடின்றித் தமிழர் யாவர்க்கும் உரியனவாயின.

அந்நூல்களுட் சிலவற்றை ஈண்டுக் குறிப்பிடுவாம். கட்டர் என்பார் எழுதிய தொடக்க நூல், மேற்கூறிய மூன்று துறைகளின் பெயரையும் தாங்கி 1850களில் வெளிவந்தது. 1867இல் இரண வைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும், 1875இல் கெமிஸ்தமும், 1883இல் மனுஷ சுகரணமும் வெளிவந்தன. மனுஷ அங்காதிபாதம் கிரே என்பாரின் புகழ்பெற்ற நூலின் தமிழாக்கம். மூலநூல் இலண்டனில் 1858இல் வெளிவந்தது; பதினான்கு ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது! மாணாக்கர் மொழிபெயர்க்க, கிறீன் திருத்தினார். 1873இல் அமெரிக்கா திரும்பிய பின்னும் அவர் இத்தொண்டைக் கைவிட்டிலர். 1884இல் அவர் காலமானார்.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் கைக்கொண்ட நெறியை நூற்பெயர்களே உணர்த்தும். நாட்டு வைத்தியத்தில் வழங்கிய சொல் கிடைத்தவிடத்து இரண வைத்தியம் என அதனையே ஏற்றார். அஃது இல்லாதவிடத்து வடமொழியின் துணைகொண்டார். இரண்டும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கேற்பத் திரித்துக் கெமிஸ்தம் என்றார்.

இத்தகைய முயற்சி ஏன் நின்றது? 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. அங்கே போதனாமொழி ஆங்கிலம். உத்தியோகமும் மதிப்பும் அவ்வழியே கிடைத்தன. அறிவியலோ ஓரிடத்தில் நிற்பதன்று. 1882இல் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபின், நோயின் காரணம் பற்றிய கொள்கையே மாறிற்று. புதியன புகுதற்கேற்ப ஆண்டுதோறுந் திருத்தப்படாத நூல் விரைவிற் பழநூலாகும். கிறீனின் நூல்களுக்கும் அதுவே நேர்ந்தது. அவை பிழையுடையன என்பதனாலன்று, தொடர்வார் இன்மையாலேயே அவை வழக்கொழிந்தன.

இன்று நம் மாணவர் உயர்தர வகுப்புவரை உயிரியலைத் தமிழிற் கற்று, மருத்துவபீடம் புகுந்ததும் ஆங்கிலத்திற் கற்கின்றனர். உலக அறிவோடு தொடர்பு கொள்ள ஆங்கிலம் இன்றியமையாதது. அதனை மறுப்பார் இலர். ஆனால், நோயாளி தன் நோவைச் சொல்வது தாய்மொழியில். அவனுக்கு அவன் உடலின் அமைப்பையும், நோயின் காரணத்தையும், பேணவேண்டிய முறையையும் விளங்கச் சொல்லவியலாத மருத்துவன் தன் கடமையிற் பாதியையே செய்தவனாவான். கிறீனின் பெயர் தாங்கிய மருத்துவமனை மானிப்பாயில் இன்றும் நிற்கின்றது. அவர் தொடங்கிய நூற்பணியோ இடையில் அறுந்து கிடக்கின்றது. மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர் ஒவ்வொருவரும் தாம் கற்றவற்றுள் ஒரு சிறு பகுதியையேனும் தமிழில் எழுதி வைப்பாராயின், அறுந்த அவ்விழை மீண்டும் பொருந்தும்.